முள் அளக்கப் போனது

வசாவிளானில் கம்பிவேலி நகர்ந்த கிழமை
எனக்குத் தந்து விட்டது ஒரு வேர்ணியர் அளவி,
சிவப்பு நாடா, நாற்பது இலந்தை.
இருபது, வேலிக்கு இந்தப் பக்கம்
நாளும் பொழுதும் ஆடு கடித்தவை.
இருபது அந்தப் பக்கம்,
இருபத்தேழு வருஷம்
ஒரு கிடாயின் மூச்சும் படாதவை.

"உதென்ன பிள்ளை, முள்ளையும் அளக்கிறியளோ?"
ஞானசேகரி அக்கா கேட்டா.
ஐந்து மறி, ஒரு கிடாய், தோளில் கொக்கத்தடி.
"எங்கட காணியை அளக்க
இன்னும் ஒருத்தரும் வரேல்லை."

ஆட்டுக்கு வாலை அளந்துதான் வைத்தான் என்பார்கள்.
ஆட்டின் உதட்டை அளந்தது யார்?
கணுவுக்குக் கணு இரண்டு முள்.
ஒன்று நேரே நிற்கும், உள்ளே வரும் வாய்க்கு.
மற்றது பின்னால் வளைந்திருக்கும்,
இலையோடு திரும்பும் வாய்க்கு.

மரம் யோசித்து வைத்ததில்லை.
முள் குறைந்தவை தளிரோடு போயின,
காய்க்கும் வயது அவற்றுக்கு வரவே இல்லை.
மிச்சம் நின்றதைப் பார்த்து
புத்தியுள்ள மரம் என்கிறோம்.

வெளியே சராசரி பத்தொன்பது மில்லிமீற்றர்.
உள்ளே எட்டு.
சில கணுக்களில் முள் இருக்கவேண்டிய இடத்தில்
ஒரு சின்னத் தழும்பு மட்டும், தொட்டால் தெரியும்.
முள் சும்மா வருவதில்லை.
ஒரு முள்ளுக்குப் போன மாவும் நீரும்
ஒரு பழத்தில் கழியும்.
வாய் வராத இடத்தில்
மரம் பழத்தை எடுத்துக்கொண்டது.
தரையெல்லாம் கொட்டை.

பூவரசு முள்ளே வைக்கவில்லை.
வெட்ட வெட்டத் தழைக்கிறது,
அதற்கு அது போதும்.

நம் மொழி ஆட்டின் பின்னாலேயே நடந்து
சில செடிகளுக்குப் பெயர் கண்டது.
ஆடு தொடாததால் ஆடாதோடை.
ஆடு முகர்ந்து தும்மிவிட்டுப் போனதால்
ஆடுதின்னாப்பாளை.
வேலிக்காலில் அதுவும் நின்றது, முழங்கால் உயரம்.
இலையின் அடியில்
பெயரை வாசிக்கத் தெரியாத ஒரு கருஞ்சிவப்புப் புழு
விளிம்பிலிருந்து நரம்புவரை தின்றுகொண்டிருந்தது.
நஞ்சை அது துப்பாது. சேர்த்து வைக்கும்.
சிறகு வந்த பிறகு
செண்பகம் ஒருமுறை கொத்தி
மறுமுறை கொத்தாது.
காவலையே களவெடுத்து
உடுத்துக்கொண்டு பறக்கும்.

மூன்றாம் நாள் அக்காவின் ஆடுகள் உள்ளே போயின.
நான் மணிக்கூட்டைப் பிடித்தபடி எண்ணினேன்.
வெள்ளைக்காதி என்ற மறி
உள் மரத்தில் ஒரு நிமிஷத்துக்கு நாற்பத்தொரு கடி,
கொப்பை உருவி உருவி.
வெளி மரத்தில் பதினேழு,
முள்ளுக்கு நடுவே மேலுதட்டை நீட்டி
ஒவ்வோர் இலையாய்ப் பொறுக்கி.
ஆக, முள் தடுக்கிறதில்லை.
நேரம் வாங்குகிறது.
ஆடு அலுத்து அடுத்த பற்றைக்குப் போகும்வரை
பின்னால் நிற்கும் இலைக்கு
இன்னும் கொஞ்ச வெயில்.

உடைந்த கிணற்றுக்கட்டின் பக்கம் முப்பத்திரண்டாம் மரம்.
உள் மரம்தான். கடித்த அடையாளம் எங்கும் இல்லை.
முள் முப்பத்தொரு மில்லிமீற்றர்,
நாற்பதிலும் நீளம்.
இரண்டு தரம் அளந்தேன்,
மூன்றாம் தரம் அக்காவை அளக்கச் சொன்னேன்.
அவவும் முப்பத்தொன்று என்றா.
"பட்டியலைக் குழப்புது, வெட்டி விடும்"
என்றார் திணைக்களத்தில் சேர்.

வெட்டவில்லை.
யாருக்காக வைத்திருக்கிறது என்று
அந்த மரத்துக்கும் தெரியாமல் இருக்கலாம்.
வெள்ளைக்காதி கிட்டப் போய்
முன்னங்கால் இரண்டையும் கிணற்றுக்கட்டில் தூக்கி வைத்து
நெடுநேரம் பார்த்தது.
பிறகு தின்னத் தொடங்கிற்று,
மிக மெதுவாக.